ஆர்எக்ஸ் 100 எஞ்சின் வேலை: எதை நாமளே பண்ணலாம், எதை பட்டறைக்கு எடுத்துட்டு போகணும்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒண்ணு கைல இருக்கு, எஞ்சின் வேலை வந்துடுச்சு, இப்ப நாமளே பிரிக்கலாமா இல்ல மெக்கானிக்கிட்ட விட்டுடலாமான்னு யோசிக்கறவங்களுக்காக இதை எழுதறேன். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன், முழுசா வீட்லயும் வேண்டாம், முழுசா பட்டறைலயும் வேண்டாம். பிரிக்கறது, கழுவறது, அளக்கறது, பூட்டறது இதெல்லாம் பொறுமையா பண்ணா உங்க கைலயே நல்லா வரும், உங்க வண்டிய உங்கள மாதிரி பாத்து பாத்து வேற யாரும் பண்ண மாட்டாங்க. போர் போடறதும் (தேஞ்ச சிலிண்டரோட உள் ஓட்டைய கடைஞ்சு பெருசாக்கறது), கிராங்க்க (பிஸ்டனோட ஏற்ற இறக்கத்த சுத்தலா மாத்தற தண்டு) பிரஸ் பண்ணி சென்டர் பாக்கறதும் மெஷின் வேலை, அதுக்கு நல்ல லேத் பட்டறைதான் சரி. இந்த கோடு எங்க விழுதுன்னு தெரியாமதான் நிறைய பேர் வீட்லயே சுத்தியல வச்சு அடிச்சு கேஸ உடைச்சுக்கறாங்க, இல்லன்னா முழு எஞ்சினையும் தூக்கிக் குடுத்துட்டு, திரும்பி வரும்போது உள்ள யாரோட சாமான் இருக்குன்னே தெரியாம ஓட்டிட்டு இருக்காங்க.

ஆர்எக்ஸ் 100 இங்க 1985ல வந்து 1996 வரைக்கும் ஓடுன வண்டி. 98 சிசி, போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 50 மில்லிமீட்டர், ஏர் கூலிங், ரீடு வால்வு (காத்த உள்ள மட்டும் விடற மெல்லிய இதழ்), 11 ஹெச்பி. கடைசியா வந்த வண்டிக்கே இப்ப முப்பது வயசு ஆகப்போகுது, அதனால நீங்க வாங்குன எஞ்சின் ஏற்கெனவே பல பேர் கை பட்டதா இருக்கும், உள்ள ஸ்டாண்டர்டு பிஸ்டன் இருக்கா நாலாவது ஓவர்சைஸ் (போர் போட்டு பெருசாக்குன சிலிண்டருக்கான பெரிய பிஸ்டன்) இருக்கான்னு திறந்து பாத்தாதான் தெரியும். டூ ஸ்ட்ரோக்கா இருக்கறதுல ஒரு வசதி என்னன்னா ஹெட்டுல ஏறி இறங்கற வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது, மேல ஹெட்டு வெறும் மூடிதான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் கார்புரேட்டர்ல இருந்து நேரா சிலிண்டருக்கு போறதில்ல, முதல்ல கீழ கிராங்க் கேஸ்க்குள்ள போகுது, பிஸ்டன் கீழ இறங்கும்போது அங்க அழுத்தமாகி அப்பறம்தான் சைடு போர்ட் வழியா மேல ஏறுது. அதனால ஃபோர் ஸ்ட்ரோக்ல வெறும் ஆயில் ஒழுகாம பாத்துக்கற ஆயில் சீலும் பேக்கிங்கும் இங்க எஞ்சினோட மூச்சையே பிடிச்சு வச்சிருக்கற சாமான். ஒரு சீல் போச்சுன்னா புது பிஸ்டன் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அதனால ஸ்பேனர கைல எடுக்கறதுக்கு முன்னாடி வியாதி என்னன்னு பாருங்க. வெள்ளை புகை கொட்டிட்டே இருக்கு, கியர் பாக்ஸ் ஆயில் வேற வெளிய எங்கயும் ஒழுகாமலே குறைஞ்சுட்டே போகுதுன்னா கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கு, கியர் ஆயில எஞ்சின் உறிஞ்சி எரிக்குது. ஐடிலிங் தானா ஏறுது, ஆக்ஸிலேட்டர விட்டாலும் ஆர்பிஎம் இறங்க நேரமாகுது, வண்டி சூடாகி பவர் விட்டு விட்டு வருதுன்னா எங்கயோ காத்து உள்ள போகுது, அது மேக்னட் (கரன்ட் தயாரிக்கற காந்த சக்கரம்) பக்கத்து சீலா இருக்கலாம், கார்புரேட்டர் மேனிஃபோல்டு ரப்பர் வெடிச்சிருக்கலாம், சிலிண்டர் அடி பேக்கிங்கா இருக்கலாம். இதுதான் ரொம்ப டேஞ்சர், மிக்ஸர் லீனாகி (காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சு) பிஸ்டன் சீஸ் ஆகறதுல (சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கறதுல) போய் நிக்கும். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது சளசளன்னு சத்தம் வந்து சூடானதும் குறைஞ்சா அது பிஸ்டன் ஆட்டம். கீழ இருந்து லோடுல கடகடன்னு வந்தா பிக் எண்டு பேரிங்கோட (பிஸ்டன கிராங்க்கோட சேக்கற ராடோட அடி பேரிங்) ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம், அதுக்கப்பறம் ஓட்டவே ஓட்டாதீங்க, ராடு உடைஞ்சா கேஸ கிழிச்சுட்டு வெளிய வரும், அந்த கேஸ்லதான் எஞ்சின் நம்பர் இருக்கு.

கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு வாங்கிக்கோங்க, கடன் வாங்கினாலும் சரி. ஆக்ஸிலேட்டர முழுசா திருப்பி வச்சுட்டு முள்ளு ஏறாம நிக்கற வரைக்கும் கிக்கர் அடிங்க, நம்பர குறிச்சு வைங்க. அப்பறம் பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு மறுபடி அடிங்க. ரெண்டாவது தடவை நல்லா ஏறினா ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு. ஏறலன்னா ஹெட் பேக்கிங் பக்கம் பாருங்க.

மேல இருக்கற ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங் வரைக்கும் பண்றத இங்க ஹாஃப் எஞ்சின்னு சொல்வாங்க, எஞ்சின இறக்கி கேஸ பிரிச்சு கிராங்க், பேரிங், சீல் வரைக்கும் போனா ஃபுல் எஞ்சின். ஹாஃப் எஞ்சின் வேலைய எஞ்சின் ஃபிரேம்ல இருக்கும்போதே பண்ணலாம், முதல் தடவை பண்றவங்க தாராளமா இதுல கை வைக்கலாம்.

டூல்ஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நல்ல டி ஸ்பேனர் செட், ரிங் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், அப்பறம் முக்கியமா இம்பேக்ட் ஸ்க்ரூ டிரைவர், அதாவது பின்னாடி சுத்தியல்ல தட்டினா சுத்தி குடுக்கற டைப். இந்த வண்டில சைடு கவர் எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூதான், முப்பது வருஷமா அலுமினியத்துல பிடிச்சுக் கிடக்கும், சாதாரண திருப்புளிய வச்சு முக்கினா தலை வழுக்கிடும், அப்பறம் ட்ரில் போட்டுதான் எடுக்கணும். அதே மாதிரி பிரிக்கறதுக்கு முன்னாடி வெளிப்பக்கத்த டீசல் போட்டு பிரஷ்ல தேச்சு சுத்தமா கழுவி காய வச்சுடுங்க, சிலிண்டர தூக்கும்போது ஃபின்னுல (சிலிண்டருக்கு வெளிய இருக்கற தகடு வரிசை) இருக்கற மண்ணு கிராங்க் கேஸ்ல விழுந்தா பிக் எண்டுக்கு அதுவே எமன்.

பெட்ரோல க்ளோஸ் பண்ணி, டேங்க் எடுத்து, கார்புரேட்டர், சைலன்சர் ரெண்டையும் கழட்டிட்டு, எஞ்சின் நல்லா ஆறினதுக்கு அப்பறம் ஹெட் நட்ட குறுக்கா குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, ஒரே நட்ட முழுசா எடுத்துட்டு அடுத்ததுக்கு போனா ஹெட்டு வளையும். சிலிண்டர் ஒட்டிக்கிட்டு வரலன்னா பிளாஸ்டிக் சுத்தியல்ல நாலா பக்கமும் லேசா தட்டுங்க, ஃபின்னுல தட்டாதீங்க உடைஞ்சுடும், ஜாயின்ட்ல திருப்புளிய விட்டு நெம்பவே கூடாது, அந்த கீறல் வழியா காத்து வந்தா ஆயுசுக்கும் தலைவலி. சிலிண்டர் ஒரு இன்ச் மேல வந்ததும் நிறுத்தி, கீழ வாயில சுத்தமான துணிய நல்லா அடைச்சுட்டு அப்பறம் முழுசா தூக்குங்க. பிஸ்டன் பின்னோட சர்க்கிளிப் (பின் நழுவாம பிடிக்கற கம்பி வளையம்) கழட்டும்போது துள்ளி விழும், அந்த துணி இல்லன்னா நேரா கிராங்க் கேஸ்க்குள்ள போயிடும், அப்பறம் அதுக்காகவே ஃபுல் எஞ்சின் பிரிக்க வேண்டி வரும்.

பிஸ்டன கைல எடுத்ததும் உடனே கழுவிடாதீங்க, வெளிச்சத்துல சுத்தி சுத்தி பாருங்க. எஞ்சின் சீஸ் ஆகியிருந்தா ஏன் ஆச்சுன்னு அதுலயே தெரியும். சைலன்சர் பக்கம் மட்டும் நெடுக்கா உரசி அலுமினியம் இழுத்திருந்தா ஆயில் பத்தல, இல்ல மிக்ஸர் லீனா இருந்துருக்கு, ஓவர் ஹீட். நாலு மூலைலயும் நாலு கோடு மாதிரி உரசல் இருந்தா பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கேப் கம்மியா போர் போட்டிருக்காங்க, இல்லன்னா ஸ்டார்ட் பண்ண உடனே சூடாகறதுக்குள்ள முறுக்கியிருக்காங்க. ரிங்குக்கு கீழ பிரவுன் கலர்ல படிஞ்சு இறங்கியிருந்தா எரிஞ்ச புகை ரிங்க தாண்டி கீழ வந்துட்டு இருந்துருக்கு. இந்த காரணத்த கண்டுபிடிக்காம புது பிஸ்டன் போட்டா அதுவும் அதே மாதிரிதான் போகும். மெக்கானிக்கிட்ட விடும்போது இந்த பிஸ்டன் உங்க கண்ணுக்கே வராது, பழைய சாமான் டப்பால போயிடும், வீட்ல பிரிக்கறதுல எனக்கு பெரிய லாபமா படறது இதுதான்.

சிலிண்டர் தூக்குன நிலைலயே ராடையும் செக் பண்ணிடுங்க. கிராங்க்க மேல கொண்டு வந்து ராட ரெண்டு விரல்ல பிடிச்சு நேரா மேலயும் கீழயும் இழுத்து பாருங்க, அந்த திசைல துளி ஆட்டம் கூட இருக்கக்கூடாது, கைல டக்குன்னு ஒரு தட்டு தெரிஞ்சாலே பிக் எண்டு போச்சு. சைடுல சாய்ச்சு பாத்தா கொஞ்சம் ஆடும், அது இருக்கணும், ராடோட மேல் நுனில ஒரு மில்லிமீட்டர் கிட்ட ஆடறது நார்மல், ரெண்டு மில்லிமீட்டர தாண்டிடுச்சுன்னா மாத்தற நேரம் வந்துடுச்சு. ரீடு வால்வு பிளாக்க எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, இதழ் முழுசா உக்காந்திருக்கணும், ஓரத்துல சின்ன சிப்பு உடைஞ்சிருந்தாலும் மாத்திடுங்க, உடைஞ்ச துண்டு எஞ்சின் வழியாதான் வெளிய போயிருக்கும்னு ஞாபகம் வச்சு போர்லயும் கீறல் தேடுங்க.

அளக்கறதுலதான் நல்ல வேலைக்கும் ஏனோதானோ வேலைக்கும் வித்தியாசமே இருக்கு. போர் கேஜ் இல்லன்னா டெலஸ்கோப்பிக் கேஜும் மைக்ரோமீட்டரும் போதும். மைக்ரோமீட்டர் 25ல இருந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும் அளக்கறது ஒண்ணு, 50ல இருந்து 75 வரைக்கும் ஒண்ணு, ரெண்டும் தேவைப்படும், ஏன்னா ஸ்டாண்டர்டு பிஸ்டன் 50க்கு துளி கம்மியா இருக்கும், முதல் ஓவர்சைஸ் போட்டதுமே 50 தாண்டிடும். சிலிண்டர்ல மேல, நடு, கீழ மூணு உயரத்துல, ஒவ்வொரு உயரத்துலயும் முன்னும் பின்னுமா ஒரு அளவு, குறுக்கா ஒரு அளவு, ஆறையும் பேப்பர்ல எழுதுங்க. மேலயும் கீழயும் இருக்கற வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர தாண்டினா வெறும் ரிங் மாத்தி பிரயோஜனமில்ல, ரீபோர்தான். பிஸ்டன அடி ஓரத்துல இருந்து 10 மில்லிமீட்டர் மேல, பின் ஓட்டைக்கு குறுக்கு திசைல அளக்கணும், வேற எங்க அளந்தாலும் தப்பான நம்பர் வரும், ஏன்னா பிஸ்டன் சரியான வட்டமும் கிடையாது, மேல கீழ ஒரே சைஸும் கிடையாது.

ரீபோர்னு முடிவானா முதல்ல பிஸ்டன் வாங்குங்க. ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00ன்னு நாலு ஸ்டெப்ல வரும், இப்ப இருக்கற போரோட பெரிய அளவ பாத்து, கீறல் முழுசா போகற குறைஞ்ச ஸ்டெப்ப எடுங்க, சும்மா இருக்கட்டும்னு பெருசுக்கு தாவினா அந்த சிலிண்டரோட மிச்ச ஆயுசதான் கரைக்கறீங்க. சென்னைல இருக்கவங்களுக்கு புது சாமானுக்கு ஜிபி ரோடு, பழைய சாமானுக்கு புதுப்பேட்டை, வெளியூர்க்காரங்க ஆன்லைன்லயும் வாங்கறாங்க. எங்க வாங்கினாலும் டப்பாவ பாத்து நம்பாதீங்க, ஒரிஜினல் மாதிரியே பிரிண்ட் போட்ட டூப்ளிகேட் நிறைய, கடைலயே மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, ரிங் குரூவ் விளிம்ப விரல்ல தடவி பாத்துட்டு வாங்குங்க. அந்த பிஸ்டனையும் சிலிண்டரையும் சேத்து லேத்துல குடுங்க. வெறும் சிலிண்டர குடுத்து "0.50க்கு போர் போட்டு வைங்கண்ணே"ன்னு சொன்னா அவர் ஒரு அளவுக்கு போடுவார், உங்க பிஸ்டன் வேற அளவுல இருக்கும். பிஸ்டனுக்குதான் போர் போடணும், போருக்கு பிஸ்டன் தேடக்கூடாது.

லேத்துல அவங்க தவ் கணக்குல பேசுவாங்க, ஒரு தவ்னா 0.025 மில்லிமீட்டர். இந்த சைஸ் ஏர் கூல்டு டூ ஸ்ட்ரோக்குக்கு பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல பொதுவா 0.03ல இருந்து 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் கேப் விடுவாங்க, அதாவது ஒண்ணேகால்ல இருந்து ரெண்டு தவ், பிஸ்டன் டப்பாவுல கேப் போட்டிருந்தா அதுதான் கணக்கு. நேரா கேளுங்க, "அண்ணே, எவ்ளோ கேப் விடறீங்க, ஹோனிங் அடிச்சு குடுப்பீங்களா, போர்ட் ஓரம் சாம்ஃபர் அடிப்பீங்களா". ஹோனிங்னா போரோட உள்சுவர கல்லு வச்சு தேச்சு மெல்லிசா குறுக்கு கோடு போடறது. கடைசி கேள்வி ரொம்ப முக்கியம். போர் போட்டதும் போர்ட் ஜன்னல் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி கூரா நிக்கும், அத உருட்டி விடலன்னா ரிங் அதுல மாட்டி உடையும். அவர் அடிக்கலன்னா நீங்களே சின்ன அரத்துலயோ எமரி பேப்பர்லயோ பொறுமையா எடுத்துடலாம். கேப் எவ்ளோன்னு கேட்டதும் டக்குன்னு நம்பர் சொல்றவர்கிட்ட குடுங்க, "அதெல்லாம் கை பாத்துக்கும் தம்பி"ன்னு சொன்னா வணக்கம் சொல்லிட்டு அடுத்த பட்டறைக்கு போயிடுங்க.

போர் போட்டு வந்த சிலிண்டர பெட்ரோல்லயோ டீசல்லயோ கழுவினா போதும்னு நினைக்கறாங்க, போதாது. ஹோனிங் கல்லோட பொடி அந்த குறுக்கு கோட்டுக்குள்ள உக்காந்திருக்கும், சுடு தண்ணில பாத்திரம் தேய்க்கற லிக்விட போட்டு நைலான் பிரஷ்ல தேச்சு தேச்சு கழுவணும், வெள்ளை துணிய உள்ள விட்டு துடைச்சா வெள்ளையாவே வர்ற வரைக்கும் விடாதீங்க. காஞ்ச உடனே ஆயில் தடவிடுங்க, இரும்பு ஸ்லீவ், அஞ்சு நிமிஷத்துல துரு கட்ட ஆரம்பிச்சுடும்.

ரிங்க பிஸ்டன்ல போடறதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள தனியா விட்டு, பிஸ்டன் தலையால தள்ளி நேரா உக்கார வச்சு, வாய் இடைவெளிய ஃபீலர்ல பாருங்க, 0.15ல இருந்து 0.30 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டன்ல ரிங் குரூவ்ல சின்ன பின் இருக்கும், ரிங் வாய் அந்த பின்னுக்கு நேரா உக்காரணும், இல்லன்னா சிலிண்டர இறக்கும்போது ரிங் டக்குன்னு உடையும். ரிங்ல எழுத்து இருக்கற பக்கம் மேல. பிஸ்டன் தலைல இருக்கற அம்புக்குறி சைலன்சர் பக்கம். சர்க்கிளிப் எப்பவும் புதுசு, அதோட வாய் நேரா மேலயோ நேரா கீழயோ இருக்கட்டும், கழட்டறதுக்கு இருக்கற வெட்டுக்கு நேரா வரக்கூடாது. ஸ்மால் எண்டு நீடில் பேரிங்கும் புதுசு போடுங்க, பிஸ்டன் விலையோட பாத்தா அது பெரிய செலவில்ல. சிலிண்டர இறக்கும்போது பிஸ்டன், ரிங், போர் எல்லாத்துலயும் 2டி ஆயில் தடவி, ரிங்க விரல்ல அமுக்கி மெதுவா இறக்குங்க, எங்கயாவது தடுத்தா அமுக்காதீங்க, தூக்கி பாருங்க.

ஃபுல் எஞ்சின்னு வந்துட்டா கதை வேற. மேக்னட் எடுக்க அதுக்குன்னே புல்லர் வேணும், கிளட்ச் சென்டர் நட்டு கழட்ட ஹோல்டர் வேணும், கேஸ பிரிக்க ஸ்பிளிட்டர் வேணும். இதெல்லாம் வாங்கிடலாம், வாடகைக்கும் கிடைக்கும். மேக்னட் பக்கத்து சீல் மட்டும்னா மேக்னட்டையும் காயில் பிளேட்டையும் எடுத்துட்டு கேஸ பிரிக்காமலே மாத்திடலாம், அது வீட்டு வேலைதான். ஆனா பிக் எண்டு போச்சுன்னா கிராங்க்க வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது. இந்த கிராங்க் ரெண்டு இரும்பு வட்டத்துக்கு நடுவுல ஒரு பின்ன டைட்டா அடிச்சு இறக்கி செஞ்சது, ராடு மாத்தணும்னா ஹைட்ராலிக் பிரஸ்ல பின்ன வெளிய தள்ளி, புது ராடு கிட்ட போட்டு, மறுபடி பிரஸ் பண்ணி, அப்பறம் ரெண்டு பக்கத்து ஷாஃப்டும் ஒரே நேர்ல ஓடுதான்னு டயல் கேஜ் வச்சு பாத்து, செம்பு சுத்தியல்ல தட்டி தட்டி 0.03 மில்லிமீட்டருக்குள்ள கொண்டு வரணும். சென்டர் சரியில்லாத கிராங்க் போட்டா வண்டி கைல காலுல எல்லாம் விறுவிறுன்னு அதிரும், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போயிடும். டயல் கேஜ் இல்லாம வெறும் கண்ணால ஸ்கேல வச்சு பாக்கற இடத்துல கிராங்க் குடுக்கவே குடுக்காதீங்க. கோயம்புத்தூர் மாதிரி லேத் பட்டறை நிறைஞ்ச ஊர்ல இருந்தா உங்களுக்கு குடுத்து வச்சிருக்கு, மத்த ஊர்க்காரங்க கிராங்க்க மட்டும் பார்சல் கட்டி அனுப்பி செஞ்சு வாங்கலாம், முழு எஞ்சினையும் அனுப்ப வேண்டிய அவசியமே இல்ல.

கிராங்க் செஞ்சு வந்ததும் கேஸ்ல ஏத்தும்போது நிறைய பட்டறைல பண்ற தப்பு, மேல இருந்து சுத்தியல்ல ஓங்கி அடிச்சு இறக்கறது. 0.03க்குள்ள தட்டி கொண்டு வந்த சென்டர் அந்த ஒரு அடில கலைஞ்சுடும். கேஸ ஹாட் பிளேட்ல 100 டிகிரி கிட்ட சூடு பண்ணி, பேரிங்க முந்தின ராத்திரியே ஃப்ரீசர்ல வச்சு போட்டா தானா விழும். கிராங்க்க இழுத்து உக்கார வைக்கற டூல் இருந்தா இன்னும் நல்லது. இது உங்களுக்கு பயமா இருந்தா கேஸ், கிராங்க், பேரிங், சீல் வரைக்கும் நல்ல மெக்கானிக்கிட்ட குடுத்து மூடி வாங்கிட்டு, மேல் பாதிய நீங்க பண்ணுங்க. கியர் பாக்ஸ் ஷிம் வரிசை, செலக்டர் ஃபோர்க் தேய்மானம் இதெல்லாம் நூறு எஞ்சின் பாத்த கைக்கு தொட்டாலே தெரியும், புக்க படிச்சுட்டு வந்த நமக்கு அது உடனே வராது, அங்க மெக்கானிக்குக்கு குடுக்கற கூலி நியாயமான கூலி.

எஞ்சின வெளிய குடுக்கறதா இருந்தா குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கேஸ்ல இருக்கற எஞ்சின் நம்பர், சிலிண்டர், ஹெட், கார்புரேட்டர், காயில் பிளேட் எல்லாத்தையும் கிட்டக்க போட்டோ எடுங்க, வெளிய தெரியாத இடத்துல பஞ்ச்ல சின்ன புள்ளி வைங்க. இந்த வண்டியோட ஒரிஜினல் சாமானுக்கு இப்ப இருக்கற மவுசுல நல்ல சிலிண்டரும் ஒரிஜினல் மிகுனி கார்புரேட்டரும் மாறிப் போறது நிறைய நடக்குது. என் நண்பர் ஒருத்தர் வண்டி திரும்பி வந்தப்போ கார்புரேட்டரே வேற, கேட்டா இதான் சார் உங்களோடதுன்னு சொல்லிட்டாங்க, கைல போட்டோ இல்லாததால ஒண்ணும் பேச முடியல. பழைய பிஸ்டன், ராடு, பேரிங், சீல் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்னு முதல்லயே சொல்லிடுங்க, நல்ல மெக்கானிக் இதுக்கு கோபப்பட மாட்டார். கேஸ் மாத்தலாம்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க, 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி ரினியூவல் போகணும், ஆர்டிஓ ஆபீஸ்ல எஞ்சின் நம்பர் பாப்பாங்க, ஆர்சில இருக்கறதும் கேஸ்ல இருக்கறதும் ஒத்துப் போகலன்னா அலைச்சல்தான். கேஸ் வெடிச்சிருந்தா கூட அலுமினியம் வெல்டிங் வச்சு அதையே காப்பாத்த பாருங்க.

யார் பூட்டினாலும் சரி, நீங்களோ மெக்கானிக்கோ, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் இருக்கு, இத நம்ம ஊர்ல ரொம்ப கம்மி பேர்தான் பண்றாங்க, எனக்கு அது வருத்தம். எஞ்சின் காத்து பிடிக்குதான்னு பாக்கறது. இதுக்கு பழைய பிபி பாக்கற மெஷின் போதும், டிஜிட்டல் இல்ல, ரப்பர் பந்தும் முள்ளு மீட்டரும் இருக்கற டைப். ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கோட பீங்கான உடைச்சு எடுத்துட்டு, அந்த ஓட்டைல சின்ன பித்தளை குழாய எம்சீல் வச்சு ஒட்டி காய விடுங்க, அதுல பிபி மெஷினோட டியூப மாட்டுங்க. சைலன்சர் போர்ட்ட சைக்கிள் டியூப் ரப்பரும் ஒரு தகடும் வச்சு அடைங்க, கார்புரேட்டர் மாட்டற மேனிஃபோல்டயும் அதே மாதிரி அடைங்க, ஆயில் பம்பு பைப் உள்ள வர்ற இடத்தையும் மறக்காதீங்க. பிஸ்டன அடில கொண்டு வந்து நிறுத்துங்க, அப்பதான் சைடு போர்ட் திறந்து மேலயும் கீழயும் ஒரே அறையா இருக்கும். இப்ப பந்த அமுக்கி 300 வரைக்கும் ஏத்துங்க, அது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ, டூ ஸ்ட்ரோக்குக்கு அவ்ளோ போதும், அதுக்கு மேல போனா சீல் வெளிய தள்ளிடும்.

முள்ள பாத்துட்டு உக்காருங்க. நிமிஷத்துக்கு 50 வரைக்கும் இறங்கினா பரவால்லன்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு, ஆனா புது சீல் புது பேக்கிங் போட்ட எஞ்சின் அவ்ளோ இறங்கக்கூடாது, கிட்டத்தட்ட அசையாம நிக்கணும். இறங்கினா சோப்பு தண்ணிய பிரஷ்ல எடுத்து ஹெட் ஜாயின்ட், சிலிண்டர் அடி, ரெண்டு கேஸ் சேர்ற கோடு, மேக்னட் சீல் ஓரம் எல்லாம் தடவுங்க, எங்க நுரை கட்டுதோ அங்க ஓட்டை. வெளிய எங்கயும் நுரை வராம முள்ளு மட்டும் இறங்குதுன்னா காத்து கியர் பாக்ஸ்க்குள்ள போகுது, கியர் ஆயில் ஊத்தற மூடிய திறந்து காது வச்சு கேளுங்க, சத்தம் வந்தா கிளட்ச் பக்கத்து சீல்தான். மெக்கானிக்கிட்ட இருந்து எஞ்சின் எடுக்கும்போது அவர் முன்னாடியே இத பண்ணிக் காட்டலாம், ரெண்டு பேருக்கும் சண்டை இல்லாம விஷயம் முடிஞ்சுடும்.

கேஸ் ஜாயின்டுக்கு அனபாண்ட் (ஒழுகாம அடைக்கற பேஸ்ட்) போடும்போது மெல்லிசா ஒரு படலம் போதும், அள்ளி அப்பினா உள்ள பிதுங்கி ஆயில் வழிய அடைச்சுடும்.

ஆயில் பம்பு இன்னும் வேலை செய்யற வண்டியா இருந்தா அத கழட்டி எறியாதீங்க, நிறைய பேர் பண்றாங்க, தேவையே இல்ல. ஆனா பைப்பு கழட்டி மாட்டினா உள்ள காத்து பிடிச்சிருக்கும், ப்ளீடு ஸ்க்ரூவ லூஸ் பண்ணி குமிழி இல்லாம ஆயில் வர்ற வரைக்கும் விடணும், பம்பு கேபிள் மார்க்கும் ஆக்ஸிலேட்டரோட சேந்து ஒத்து வரணும். எதுக்கும் முதல் டேங்குக்கு பெட்ரோல்லயும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்துடுங்க, பம்பு ஒழுங்கா தள்ளலன்னாலும் உடனே சீஸ் ஆகாது. பம்பே இல்லாத வண்டின்னா லிட்டருக்கு 40 மில்லி போட்டு ரன்னிங் இன் (புது பிஸ்டனும் போரும் பழகற முதல் 500 கிலோமீட்டர்) முடிங்க.

இப்ப பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கலந்தா மிக்ஸர் தானா லீன் பக்கம் போகும், இந்த கார்புரேட்டருக்கு அத கண்டுபிடிச்சு சரி பண்ற அறிவு கிடையாது, நாமதான் பாக்கணும். முழு ஆக்ஸிலேட்டர்ல கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்ச பிடிச்சு எஞ்சின ஆஃப் பண்ணி பிளக்க கழட்டி பாருங்க, வெள்ளையா இருந்தா மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவா வர்ற ஓட்டை) ஒரு சைஸ் ஏத்துங்க, காபி பவுடர் கலர்ல இருந்தா விட்டுடுங்க. ஆனா இத ரன்னிங் இன் முடிஞ்சு பண்ணுங்க, புது போர்ல முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம், அதுவரைக்கும் கார்புரேட்டர் ஊசிய ஒரு கட்டம் ரிச் பக்கம் (பெட்ரோல் கூட போற பக்கம்) வச்சு ஓட்டலாம். பழைய பெட்ரோல் ஹோஸ், டேங்க் காக் வாஷர் எல்லாம் எத்தனால்ல ஊறி பிசுபிசுத்துடும், எஞ்சின் வேலையோட சேத்து மாத்திடுங்க. மாசக்கணக்கா வண்டிய நிறுத்தறதா இருந்தா கார்புரேட்டர்ல பெட்ரோல காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

முதல் ஸ்டார்ட்ல நின்ன இடத்துலயே முறுக்காதீங்க, காத்து படாம சூடாகும். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம், கையால ஃபின்ன தொட முடியாத சூடு வந்ததும் ஆஃப், முழுசா ஆற விட்டு மறுபடி, இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணிட்டு ரோட்டுக்கு எடுங்க. முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே ஸ்பீடுல நீளமா ஓட்டாம, ஏத்தி இறக்கி ஓட்டுங்க, டாப் கியர்ல திணற விடாதீங்க, அது வேகமா ஓட்டறத விட கெடுதல், பின்னாடி ஆள் ஏத்தாதீங்க, ஹைவேஸ் வேண்டாம். இறக்கத்துல ஆக்ஸிலேட்டர முழுசா மூடி கியர்லயே விட்டா எஞ்சினுக்கு ஆயில் பத்தாது, நடு நடுவுல லேசா திருப்பி விடுங்க. முதல் நாள் ஓட்டம் முடிஞ்சு ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின்ல காலைல ஹெட் நட்ட மறுபடி டார்க் ரெஞ்ச்ல குறுக்கா டைட் பாருங்க, புது பேக்கிங் அமுங்கி கொஞ்சம் லூஸ் ஆகியிருக்கும். 500 ஆனதும் கியர் ஆயில வடிச்சு ஒரு வெள்ளை தட்டுல ஊத்தி பாருங்க, பொடிப் பொடியா கிளட்ச் தூளும் மெல்லிசா மினுமினுப்பும் இருந்தா கவலைப்படாதீங்க, நகத்துல எடுக்கற அளவுக்கு இரும்பு துணுக்கு வந்தா மட்டும் ஓட்டறத நிறுத்திட்டு அது எந்த கியர்ல இருந்து வருதுன்னு தேடுங்க.